உடுப்பில் வந்த தூசு

சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் எழுந்த வீடுகளில் பலவற்றுக்குக் கூரை போட்டவர், தச்சு வேலை செய்யும் சரீப் ஓடாவி. அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிறைண்டரால் அறுக்கும்போது வெள்ளைத் தூசு ஆளையே மூடிவிடும். வாயில் லேஞ்சித் துணி கட்டுவார். புழுக்கம் தாங்காமல் கழற்றியும் விடுவார்.

இந்த நோன்புப் பெருநாள் கழிந்து வேலைக்குப் போனவர், ஏணியின் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கூட வேலை செய்யும் இன்பாஸ்தான் தோள்கொடுத்து இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நுரையீரல் தழும்பேறிக் கிடக்கு ஐயா. சீற்றுத் தூசில இருக்கிற நார் உள்ளுக்குப் போய்ப் படிஞ்சிருக்கு. அதை எடுக்க மருந்தில்ல. இனி அந்த வேலைக்குப் போகப்படாது."

சரீப் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான்.

"வேலை உடுப்பை ஆர் தோய்க்கிற?"

பின்னால் நின்ற மனைவி ஸுஹைறா முன்னுக்கு வந்தாள். "நான்தான் டொக்டர். வீட்டு முத்தத்துல நல்லா உதறிப்போட்டுத்தான் தோய்ப்பன்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்கும் இருமல் இருக்கா?"

"ஓம், கொஞ்ச நாளா. பனிக்கு எண்டு நினைச்சன்."

அவளையும் படம் எடுக்க அனுப்பினார்கள். வெளியே வாங்குப் பலகையில் இருந்த சரீபுக்கு வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. அந்தியில் அவள் அவரது வேலைச் சேர்ட்டை உதறுவாள், முகத்தைத் திருப்பித் தும்முவாள். பக்கத்திலேயே அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

திரும்பி வந்தவள் அவரை உற்றுப் பார்த்தாள். "இஞ்சாருங்க, என்ன பேயறைஞ்ச மாதிரி இரிக்கீங்க?"

"ஒனக்கு ஏதும் எண்டா நான் என்ன புள்ள செய்வன்?"

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள்.

"இப்போதைக்குப் படத்தில ஒண்டும் இல்ல" என்றார் டொக்டர். "ஆனா இது எத்தினையோ வருசம் கழிச்சும் வரும். வருசா வருசம் வந்து காட்டுங்க."

மறுநாள் காலை இன்பாஸ் வேலை செய்யும் வீட்டுக்கு, மூச்சு இளைக்க இளைக்க நடந்துபோய், கிறைண்டரின் வயரைப் பிடுங்கினார் சரீப்.

"என்ன காக்கா இது?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் இன்பாஸ்.

"இந்த உடுப்போடயா போய் ஒன்ட கைப்புள்ளயத் தூக்குற?"

இன்பாஸ் முறைத்தான். வீட்டுக்காரரும் சத்தம் போட்டார். சரீப் வயரை விடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தார். இன்பாஸ் குனிந்து தூசு படிந்த தன் சேர்ட்டைப் பார்த்தான்.

இப்போது அவன் தகரக் கூரைதான் போடுகிறான். சரீப் கீழே நின்று அளவு சொல்கிறார். அடுத்த பெருநாள் கழிந்ததும் ஸுஹைறா மறுபடி படம் எடுக்கப் போகவேண்டும்.