மதுவொழிப்புத் தலைவரின் ஈரல்

பாலையூற்று மதுவொழிப்புச் சங்கத்தின் தலைவர் கோணாமலை தன் ஆயுளில் ஒரு சொட்டுக் கள்ளைக்கூட வாயில் வைத்தவரில்லை. துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். பகலில் கப்பல்களின் வரவைப் பதிவார்; மாலையில் சந்திக்குச் சந்தி நின்று குடியின் கேடுகளைப் பேசுவார். தொண்டை வறண்டால் சோடா. பேசி முடிந்ததும் சீனி கரையாமல் அடியில் தங்கும் பால்தேத்தண்ணீர், கூடவே பணிஸும் கேக்கும். காலையில் வெள்ளை மாப் பாண், இரவில் கொத்துறொட்டி. குடிக்காத மனிதன் வயிற்றுக்கு வஞ்சகம் செய்யக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வயிறும் அந்த நன்றியை மறக்காமல் வருடாவருடம் முன்னேறி வந்தது.

அலுவலகத்தில் மருத்துவ முகாம் நடந்தபோது ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டொக்டர் அனுஷியா, "ஐயா, ஈரலில நல்லாக் கொழுப்புப் படிஞ்சிருக்கு. குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

கோணாமலை கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "பிள்ளை, நான் மதுவொழிப்புச் சங்கத் தலைவர்."

"அப்ப என்ன சாப்பிடுறனீங்கள்?"

அவர் பெருமையோடு சொன்னார். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளங்கப்படுத்தினார். "சீனி கூடினா ஈரலே அதைக் கொழுப்பாக்கிப் போடும். குடலுக்குள்ளயும் கோடிக்கணக்கில கிருமி இருக்கு, ஐயா. கீரை, பயறு, தவிடு குடுத்தா நல்ல கிருமி பெருகும். சீனியும் மாவுமா குடுத்தா மற்றதுகள் பெருகிக் குடல் சுவரைக் கெடுக்கும். அதுகளின்ர நஞ்சு இரத்தத்தோட நேரா ஈரலுக்குத்தான் போகும். சில பேரின்ர குடலில கிருமி சீனியைப் புளிக்கவச்சு மதுசாரமே உண்டாக்குதாம். உங்களுக்கு அப்பிடியோ எண்டு இந்தப் படத்தில சொல்ல ஏலாது."

திரைக்கு வெளியே வரிசையில் நின்ற சக ஊழியர் முனீபின் காதில் 'ஈரல்', 'மதுசாரம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் விழுந்தன. பொழுது சாயுமுன் அவை விரிகுடாவுக்கு அப்பாலுள்ள கிண்ணியா வரைக்கும் போய்விட்டன.

அவர் ஒளித்துக் குடிக்கிறார் என்ற அந்தக் கதையை வீட்டில் அவர் மனைவி சிவாஜினி மட்டும் நம்பவில்லை. "குடிச்சிருந்தா ஒரு கிளாசோட நிண்டிருப்பியள். பணிஸுக்கு எங்க நிண்டனீங்கள்?" என்றாள்.

மறுநாள் சந்தியில், அவருடைய பேச்சுகளில் வழக்கமாகக் குடிகாரனுக்கு உதாரணமாக நிற்கும் மேசன் டிலக்சன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தலைவர், எங்களோட சேர்ந்தே குடிச்சிருக்கலாமே. தனியக் கிடந்து கஷ்டப்பட்டிருக்கிறியள்."

சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. கோணாமலை எழுந்து, கேட்டதைவிட ஒரு படி கூட்டியே சொன்னார். "நான் குடிக்கேல்ல. குடலில கிருமிதான் மதுசாரம் காய்ச்சுது."

பொருளாளர் சங்கத்தின் யாப்பு விதிகள் அடங்கிய புத்தகத்தைப் புரட்டினார். "குடிக்கிறது மட்டுமில்லை, காய்ச்சுறதும் வச்சிருக்கிறதும் குற்றம் எண்டு போட்டிருக்கு. தலைவர் தன்ர வாயாலயே ஒப்புக்கொண்டிட்டார்."

கோணாமலையைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. புதிய தலைவராகப் பொருளாளரே தெரிவாகி, எல்லாருக்கும் சோடாவும் கேக்கும் வழங்கினார்.

அவமானத்தில் இரண்டு நாள் படுத்தே கிடந்த கோணாமலையைச் சிவாஜினி பொறுப்பெடுத்தாள். தவிடு போகாத குரக்கன் மாவில் பிட்டு, அவித்த பயறு, முருங்கையிலை, சீனி போடாத தயிர். புதுச் சாப்பாட்டுக்குப் பழைய கிருமிகள் சும்மா அடங்கவில்லை. வயிறு ஊதி இரைந்தது. அலுவலகத்தில் முனீப் தன் கதிரையை யன்னலோரம் நகர்த்திக்கொண்டார். கோணாமலை அதைப் பார்த்தும் பாராதவர்போல் இருந்தார். கூட்டங்கள் இல்லாததால் மாலைகள் வெறுமையாக இருந்தன. அந்த நேரத்தில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார்.

சில மாதங்களில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈரல் கொழுப்பு குறைந்திருப்பதாக டொக்டர் சொன்னார். அன்று நடக்கையில் கோணாமலை எதிரே வந்த டிலக்சனிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் கைபேசியில் காட்டினார். டிலக்சன் நெடுநேரம் பார்த்தான். "இந்தப் பழைய படம் குடியாத ஆளின்ர எண்டா, என்ர ஈரல் எப்பிடி இருக்கும்?"

கோணாமலையே அவனை டொக்டரிடம் கூட்டிப்போனார். அவன் ஈரல் இன்னும் மோசமாக இருந்தது. கஷ்டப்பட்டுத்தான், ஆனாலும் டிலக்சன் குடியை விட்டான்.

சந்தியில் தான் பேசியது வீண்போகவில்லை என்று கோணாமலைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒருநாள் நடந்தபடியே மெல்லக் கேட்டார். "நான் சொன்னதில எது தம்பி உன்ர மனசில பட்டது?"

"ஒண்டும் படேல்ல அண்ணை," என்றான் டிலக்சன். "அந்தப் படந்தான்."

கோணாமலை கைபேசியைத் திறந்து, தன் பேச்சுகளையெல்லாம் வென்ற அந்தக் கொழுத்த ஈரலை இன்னொருமுறை பார்த்தார்.