ஜூன் மாதத்து நீல வானம்

மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹியில் ஒரு வெள்ளைக்கார வியாபாரிக்கு குமாஸ்தா வேண்டும் என்று கேள்விப்பட்டு, நாகர்கோவிலில் இருந்தபடியே பிரெஞ்சு படித்தேன். கையில் இருந்தது பிரான்சில் அச்சான ஒரே ஒரு பழைய பாடப்புத்தகம். அதில் பருவங்களைப் பற்றிய பாடம்தான் என்னைப் படுத்தியது. ஜூனில் வானம் நீலமாக இருக்குமாம், வெயில் அடிக்குமாம். குளிர்காலத்தில் வயல் வெறுமையாகக் கிடக்குமாம். எங்களுக்கு அப்போதுதான் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் கதிர் பிடித்து நிற்கும்.

ஜூன் மாத மழையில் ஒரு நாள், நான் சத்தம் போட்டு மனப்பாடம் செய்த ஜூன் வரியின் அர்த்தத்தை என் மனைவி கேட்டாள். சொன்னேன்.

"மூணு நாளா உங்க வேட்டி காயல்ல. இதையா நீல வானம்னு சொல்லுதீங்க?"

"ஏட்டி, மழை தமிழுக்கு. பிரெஞ்சுல இப்ப வெயில்தான்" என்று எரிந்து விழுந்தேன். எனக்கே குழப்பம்.

அதே மாதம் மாஹிக்குப் போனேன். அங்கேயும் கொட்டும் மழை. என் குடை வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்கள் ஊரில் ஜூன் மாதம் எப்படி இருக்கும்?" என்று வியாபாரி பிரெஞ்சில் கேட்டார்.

மழைக்கான சொல் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் வந்தது பாடம்தான்: "வானம் நீலமாக இருக்கும். வெயில் அடிக்கும்."

அவர் குடையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றார்.

வேலை கிடைத்தது. நான் சொன்னது சரியா தப்பா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.