கதையிலிருந்து நான் பிடுங்கிய குழாய்

எதிர்காலம் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று கதை எழுதக் கற்றுக்கொடுக்க ஈப்போவில் சில இடைநிலைப் பள்ளிகள் என்னை அழைக்கின்றன. நானும் இஸ்திரி போட்ட சட்டையில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். அப்படி நான் எழுதிய முதல் கதைக்கு ஓர் ஆள்கூடப் பயப்படவில்லை என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தோம். ஆறாம் வகுப்பு ஆசிரியர், நூறு வருடம் கழித்து உலகம் எப்படிக் கெட்டுப்போயிருக்கும் என்று கதை எழுதச் சொன்னார். வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் பயந்துபோனால், ‘பயமாக இருந்தது’ என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கதைகள் நாளிதழின் மாணவர் பகுதிக்குப் போகும். அச்சில் பெயர் வருவதற்காக உலகத்தை அழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

என் கதையில் மரங்களே கிடையாது. மனிதர்களைச் சிமெண்டுப் பெட்டிகளில் அடைத்து, பெட்டிமேல் பெட்டியாகப் பதினைந்து மாடி அடுக்கியிருந்தார்கள். இரும்புக் கதவு. பக்கத்துப் பெட்டியில் யாரென்று எவருக்கும் தெரியாது. வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தண்ணீரைக்கூடக் குழாய் வைத்து உள்ளேயே விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொதுக் குழாயிலிருந்து இரண்டு வாளி தூக்கிவந்து மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், குரலைத் தடிக்கவைத்து வாசித்தேன்.

“தண்ணி வீட்டுக்குள்ளயே வருமா?” என்றார் அம்மா.

“வரும்மா. அதான் கொடுமை.”

“நாள் பூராவா?”

“ஆமா.”

“காலையில பெரட்டு உண்டா?”

விடியுமுன் பால்மரம் வெட்டுகிறவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கதையில் அது இல்லை என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்க. இவன் எழுதியிருக்கிற வீட்டுக்கு எங்க மனு போடறதுன்னு கேளுங்க லா.”

அப்பா வந்து நின்று, “பதினஞ்சாவது மாடிக்கும் தண்ணி ஏறுமாடா?” என்று விசாரித்தார்.

கையெழுத்துக் கேட்டேன். “பயமே இல்லையேடா, பொய்க்கு எப்படிப் போடறது?” என்று அம்மா மீனுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே கதையைத் திருத்தினேன். உள்ளே இருந்த குழாய்களைப் பிடுங்கி, கீழே ஒரே ஒரு பொதுக் குழாயை நட்டேன். பதினைந்து மாடியும் ஜனங்கள் வாளியோடு ஏறினார்கள். மறுபடி அம்மாவிடம் வாசித்தேன். கடைசியில், “அந்தக் குழாய ஏன்டா எடுத்த?” என்று மட்டும் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பயமாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கதை அச்சில் வந்தது. என் எழுத்துத் திறமையில் அம்மா நடுங்கிப்போய்விட்டார் என்றுதான் வெகுகாலம் நம்பினேன். அந்த வீட்டில் அவர் அரைநாள் குடியிருந்தார், காலி செய்ய வைத்தது நான்தான் என்பது பன்னிரண்டு வயதுக்கு எட்டவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. அம்மா ஈப்போவில் அடுக்குமாடி வீடொன்றில், பதினோராவது மாடியில் இருக்கிறார். இரும்புக் கதவு உண்டு. ஆனால் எதிர்வீட்டுச் சீன அம்மாள் எத்தனை மணிக்கு மாத்திரை போடுவார் என்பதுவரை அம்மாவுக்குத் தெரியும். போன வாரம் ஒரு பள்ளியில் பேசிவிட்டு அங்கே போனேன். லிப்ட் பழுது. அரிசிப் பையோடு படியேறி, கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சமையலறைக் குழாயைத் திறந்து முகம் கழுவச் சொன்னார். நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஜனங்கள வாளியோட பதினஞ்சு மாடி ஏறவச்சவன்தான நீ. பதினொன்னுக்கே இப்படி இளைக்குதே லா.”