கூட்டிக் கிடந்த இடம்

பொள்ளாச்சியைத் தாண்டி ஒரு கிராமத்தில் தேங்காயைக் கொப்பரையாகக் காயவைக்கப் பொதுக்களம் கட்டும் வேலையாக அடிக்கடி போய்வந்துகொண்டிருந்தேன். பீளமேட்டில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். ஊர்க்காரர்களை உட்காரவைத்து, தங்களிடம் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களையே திட்டம் போடவைப்பது என் வேலை. அங்கே தேங்காய்க்குக் குறைவில்லை. காயவைக்க இடமில்லாததால் பச்சைக் காயாகவே வியாபாரியிடம் போய்க்கொண்டிருந்தது.

முதல் கூட்டத்தில், பள்ளிக்கூட வாசலில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொன்னேன். பெண்கள் மளமளவென்று வரைந்தார்கள். வீடுகள், கிணறுகள், பால் சொசைட்டி, பஸ் நிற்கும் இடம். வாய்க்காலுக்கு மேற்கே மட்டும் யாரும் கைவைக்கவில்லை. ஒருத்தி பொடியோடு அந்தப் பக்கம் நகர்ந்து, அப்படியே திரும்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் என்னங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணுமில்லீங்க," என்றார் உழவர் குழுவின் தலைவர். தென்னந்தோப்புக்காரர், வயதானவர்.

என் போனில் பார்த்தால் அங்கே ரோட்டை ஒட்டி வெட்டவெளி தெரிந்தது. புறம்போக்கு. களத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். தலைவர் தயங்கியபடி கூட வந்தார். மகளிர் குழுவை நடத்தும் அக்காவும் வந்தார். அவர் காலனியில் இருப்பவர். தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலைக்குப் போன குடும்பம்.

உச்சி வெயில். வாய்க்காலைத் தாண்டியதும் தோப்பின் சத்தம் நின்றுபோனது. காற்று இருந்தது, மட்டைகள் ஆடின, சத்தம்தான் இல்லை. வெட்டவெளியில் ஒரு முள்செடி இல்லை, ஒரு சருகு இல்லை. மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் வளைவு வளைவாக, அப்போதுதான் கூட்டியதுபோல் இருந்தன. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

"யாருங்க கூட்டறாங்க?"

தலைவர் அக்காவைப் பார்த்தார். "உங்க காலனிக்காரங்கதான அம்மணி? உங்க சனம் இருந்த எடமாச்சேன்னு நானும் கேட்டுக்கல."

அக்கா குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். "நீங்கதான் ஆளு உட்டுக் கூட்டறீங்கன்னு நாங்க நெனச்சுட்டு இருந்தமுங்க."

வந்த வழியே வேகமாக நடந்தோம். வாய்க்காலைத் தாண்டிய பிறகுதான் அக்கா சொன்னார். அவருடைய அம்மா பிறப்பதற்கு முன்பு காலனி அங்கேதான் இருந்ததாம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து வீடு வீடாகக் கொண்டுபோனது. மிச்சமிருந்தவர்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அதன்பின் ஆடு மாடுகூட அங்கே மேயப் போவதில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் தன் தோப்பிலேயே இடம் தருவதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பலர் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கும் அதுவே போதும் என்றிருந்தது. அந்த மண்ணில் மறுபடி கால்வைக்க மனம் ஒப்பவில்லை.

அக்கா எழுந்தார். "உங்க தோப்புல கட்டுனா நாளைக்கு அது உங்க களமுங்க. எங்க பொம்பளைங்க கேட்டுப்போட்டுத்தான் உள்ள வரோணும். அங்க செத்தவங்க எங்க ஆளுங்க. பயந்தா நாங்கதான் பயப்படோணும். அங்கயே கட்டலாமுங்க."

தலைவர் அக்கா பக்கம் திரும்பினார். "சரி அம்மணி, அப்படியே ஆகட்டும்," என்றார்.

ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அனுமதி வாங்கினோம், களம் வந்தது. மண்ணைத் தோண்டியபோது கரி படிந்த அடுப்புக் கற்கள் வரிசையாக வந்தன. அக்கா அவற்றைக் கழுவி, மஞ்சள் பூசி, ஓரமாக வைத்தார். இப்போது காலனிப் பெண்களும் தோப்புக்காரர் வீட்டுப் பெண்களும் அங்கே ஒன்றாகத் தேங்காய் உடைக்கிறார்கள். கொப்பரைக்கு அவர்களே விலை பேசுகிறார்கள்.

போன ஆடியில் போயிருந்தேன். களம் நிறையக் கொப்பரை பரப்பியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் எல்லோரும் மதியச் சோறு தின்றுகொண்டிருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. எச்சில் கையோடு ஓடினோம்.

கொப்பரை முழுவதும் நடுவில் குவிந்து கிடந்தது. மேலே தார்ப்பாய். நான்கு முனையிலும் கல் வைத்திருந்தது.

அக்கா திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வேலைக்கு வந்தவர்களில் ஒருவரும் குறையவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க கண்ணு, சோறு ஆறிப்போகுது," என்றார்.