பெடல் நகரும் தூரம்

அப்பாவின் வயலினை நான் பதிவு செய்தது என் வேலைக்காக. குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை செய்து கொடுப்பவள் நான். கேளம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் ஃப்ளாட்டின் சின்ன அறைதான் என் ஸ்டூடியோ. கடையில் கிடைக்கும் வயலின் ஒலிகள் எல்லாம் மேல்நாட்டுக்காரர்கள் வாசித்தவை. நம் பாட்டில் அவை ஒட்டாமல் தனியே நின்றன. அதனால் அப்பாவை அழைத்து வந்து, மைக்குக்கு முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொன்னேன். மென்மையாக ஒரு தடவை, வில்லை அழுத்தி ஒரு தடவை.

“பாட்டு ஒண்ணும் கெடயாதா? ஸ்வரத்தையே தேச்சிகினு இருக்கணுமா?” என்றார். ஆனாலும் தேய்த்துக் கொடுத்தார்.

அப்பா கல்பாக்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வீடு. அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் தெருவில் வயலினைக் கையில் எடுத்த முதல் ஆள் அவர்தான். அந்தப் பெருமையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கப் போட்டுப் போகும் சட்டைக்கு அவரே கஞ்சி போட்டு இஸ்திரி செய்வதில் அது தெரியும்.

அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். முதலில் காபி டம்ளர் தளும்பியது. பிறகு சர்ச்சில் பாட்டின் நடுவே வில் தந்தியின் மேல் துள்ளியது. செங்கல்பட்டில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் அப்பாவை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், பார்க்கின்சன் என்றார். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், போகாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா வயலின் பெட்டியை பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார்.

சில மாதம் கழித்து அம்மா போன் செய்தாள். “உங்கப்பா சர்ச்சுக்கே வர்லடி. கேட்டா தலவலின்றாரு. போன வாரமும் தலவலிதான்.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவின் வயலின் முழுவதும் என் லேப்டாப்பில் இருக்கிறது. வில் பிடிக்க முடியாவிட்டால் என்ன, கீபோர்டில் வாசிக்கட்டும். லேப்டாப்பையும் சின்ன கீபோர்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கோவளம், மாமல்லபுரம் என்று கடலோரமாகவே போகும் அந்தப் பயணம் முழுவதும், எப்படி அமைக்கலாம் என்பதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன்.

பதிவு செய்த ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்க உதவும் சாம்ப்ளர் என்கிற மென்பொருளில் கீயை அழுத்தினால் எந்தச் சுரம் என்பது மட்டும்தான் முடிவாகும். வயலினுக்கு அது போதாது. சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வில்லின் அழுத்தம் கூடவும் குறையவும் வேண்டும். அதற்குத்தான் கீபோர்டின் இடது ஓரத்தில் மாடுலேஷன் சக்கரம் என்று ஒன்று இருக்கிறது. அதை மேலே தள்ளினால் மென்மையாக வாசித்த ஒலி பின்வாங்கி, அழுத்தி வாசித்த ஒலி முன்னால் வரும். அப்பாவுக்கு நடுக்கமில்லாதது இடது கை. தந்தியில் பழகிய விரல்களும் அவைதான். எனவே இடது கையைக் கீகளுக்கு விட்டு, சக்கரத்தின் வேலையை வலப்பக்கம் இருந்த, மேலும் கீழும் தள்ளும் ஒரு ஸ்லைடருக்கு மாற்றினேன். வலது கைக்கு வில்லின் வேலையே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஸ்பீக்கரிலிருந்து முதல் சுரம் வந்ததும் அப்பா நிமிர்ந்தார். “இது என்னுது” என்றார். சமையலறையிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

அவர் வலது கையை ஸ்லைடரில் வைத்ததும் அத்தனையும் கெட்டது. விரலின் நடுக்கம் அப்படியே ஒலிக்குள் இறங்கியது. சுரம் எழும்பி, அமுங்கி, எழும்பி, அமுங்கி, காற்றில் அகப்பட்ட விளக்கு மாதிரி துடித்தது. அப்பா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இருங்கப்பா, சரி பண்ணிடலாம்” என்று ஸ்மூத்திங் என்ற அளவைக் கூட்டினேன். அது வேகமான அசைவுகளை விட்டுவிட்டு, நிதானமான அசைவை மட்டும் எடுத்துக்கொள்ளும். இப்போது நடுக்கம் கேட்கவில்லை. ஒலி வழுவழுவென்று வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்பா நாலு வரி வாசித்தார். பிறகு ஸ்லைடரை வேண்டுமென்றே சட்டென்று மேலே தள்ளினார். ஒலி அவசரமில்லாமல், தன் போக்கில் எழும்பியது. கீழே இழுத்தார். அதுவும் அப்படியே மெல்ல இறங்கியது.

“நான் பண்றது ஒண்ணும் வர்லியே” என்றார்.

“நடுக்கம் தெரியக்கூடாதுன்னு...”

“நீ என்ன வாசிக்க வெக்கிறியா, இல்ல நான் வாசிக்கிற மாதிரி காட்றியா?”

அப்பா எழுந்து வெளியே போனார். செருப்பில் வலது கால் சரியாக நுழையாமல் வாசலில் கொஞ்ச நேரம் போராடியது ஜன்னல் வழியே தெரிந்தது. அம்மா என்னைத்தான் திட்டினாள். “சும்மா இருந்த மனுஷன ஏண்டி நோண்ற?”

அன்று சாயங்காலம் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் இல்லை. வேலைக்காலத்தில் ஒரு இயந்திரத்தைப் பார்ப்பது போல லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்த காலுக்கு மாத்த முடியுமா? எடது காலு நல்லாத்தான் கீது.”

மாற்ற முடியும். அடுத்த முறை ஒரு பெடல் வாங்கி வந்தேன். ஸ்மூத்திங்கைக் குறைத்துவிட்டு, பெடலை அழுத்த அழுத்த வில்லின் அழுத்தம் கூடும்படியும், முழுதும் தளர்த்தினால் ஒலி நிற்கும்படியும் வைத்தேன். இப்போது ஒலி அவர் சொன்னதைக் கேட்டது. ஆனால் அவர் கீபோர்டுக்காரர் இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போய்ப் பழகிய விரல்கள் கட்டைகளில் தடுக்கின. பாதி கீர்த்தனையில் நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“நீ வாசி பாப்பா. நான் வில்லு போட்றேன்.”

அப்படித்தான் பழகினோம். சுரம் என் விரலில், மூச்சு அவர் காலில். எங்கே அழுத்துவார், எங்கே விடுவார் என்று எனக்குத் தெரியாது. ஒரு சரணத்தின் கடைசிச் சுரத்தை நான் விடப் போனபோது அவர் அதை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் கீயை விடாமல் காத்திருந்தேன். சின்ன வயதில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போதுகூட அவரை அவ்வளவு உற்றுக் கவனித்ததில்லை.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு சர்ச்சில் வாசித்தோம். வாழைத்தாரும் பூசணிக்காயும் அடுக்கியிருந்த மேடைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். முதல் சரணம் நன்றாகப் போனது. திரும்பிப் பார்த்தவர்கள் அப்பாவின் கையில் வயலினைத் தேடினார்கள். இரண்டாவது சரணத்தில் ஒலி மங்கியது. குனிந்து பார்த்தேன். அவர் பாதம் பெடலை அழுத்தாமல் அதன் மேலேயே உறைந்து நின்றுவிட்டிருந்தது. நல்ல கால் என்று நாங்கள் நம்பியிருந்த கால். அவர் முகம் சபையைப் பார்த்தபடி இருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் கீகளை அழுத்திக்கொண்டே இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஜனங்கள் பாடிக்கொண்டே போனார்கள். மூன்றாவது சரணத்தின் பாதியில் கால் விடுபட்டு, வயலின் மறுபடி வந்து சேர்ந்தது.

வெளியே வந்ததும் அம்மா, “நல்லா இருந்துச்சு” என்றாள்.

“ரெண்டாவது சரணம் வுட்டுட்டேன்” என்றார் அப்பா.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இடது பக்கமும் தொடங்கியிருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அப்பாவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதைச் சாம்ப்ளர் திரையில் காட்டும். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அது குறைந்திருந்தது. நானும் பேசாமல் அளவை மாற்றி, கொஞ்சம் அழுத்தினாலே முழு ஒலியும் வரும்படி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் நிறுத்தினார்.

“மெல்லிசா வர மாட்டேங்குதே. தொட்டாலே கத்துது.”

“கால் போற தூரம் கம்மியா இருக்குப்பா. அதுக்குள்ளாற எல்லாத்தையும் அடைச்சா அப்படித்தான் வரும். ஒண்ணு சத்தம் வேணும், இல்லன்னா மெல்லிசு வேணும். ரெண்டும் முடியாது.”

முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். அவர் பாதத்தைப் பார்த்தார்.

“மெல்லிசு இருக்கட்டும்” என்றார். “சத்தத்த எடுத்துடு.”

அழுத்தி வாசித்த ஒலிகளைப் பெடலிலிருந்து பிரித்தேன். மைக்குக்கு முன்னால் தோள் குலுங்க அவர் தேய்த்துக் கொடுத்தவை அவை. அழிக்க மனம் வரவில்லை. அப்பா பெடலை மெல்ல அழுத்திப் பார்த்தார். கிசுகிசுப்பாகத் தொடங்கிய சுரம், அவர் கால் போகும் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மெதுவாக நிறைந்தது. ஸ்பீக்கரை சபைக்கு இன்னும் பக்கத்தில் வைக்கச் சொல்ல வேண்டும் என்றார்.