உறைக்கு அளவெடுத்து செஞ்ச கிட்டாரு

மொதல்ல உறைதான் இருந்துச்சு. கிட்டாரு அப்பறந்தான் வந்துச்சு. சட்டைய வச்சி அளவெடுத்து ஆளு செஞ்சவன் ஒலகத்துல எவனாவது கீறானா? நானும் எங்கண்ணனும் செஞ்சோம். படிச்சவன் எவனாவது பக்கத்துல இருந்திருந்தா தடுத்திருப்பான். எங்க வூட்ல அந்த ஆபத்து கெடையாது. அஞ்சாங்கிளாஸ்ல நான் உக்காந்து உக்காந்து, பெஞ்சே ‘எந்திரிச்சி போடா’ன்னு சொல்ற நெலமைக்கு வந்து, அப்பறந்தான் படிப்ப வுட்டேன்.

மைலாப்பூர்ல கொளத்துக்கு பின்னாடி சந்துல வூடு. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. அண்ணன், அண்ணி, நானு. நான் ராயப்பேட்டைல ஒரு சோபா கடைல மரத்துக்கு உப்புத்தாள் தேய்க்கிறவன். அண்ணன் மெல்லிசைக் குழுவுல கிட்டாரு வாசிச்சிகினு இருந்துச்சு. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, எங்க கூப்ட்டாலும் போவும். வாசிக்கற கிட்டாரு அண்ணனோடது இல்ல, குழு மொதலாளியோடது. நல்லா சேப்பா, மொளகா பழம் மாதிரி இருக்கும். வூட்டுக்கு எடுத்துனு வந்து வச்சிக்கும். அண்ணி தன்னோட பழைய நூல் பொடவைய கிழிச்சி அதுக்கு உறை தச்சி குடுத்துச்சு. அண்ணன் சட்டைக்கு பொத்தான் இருக்காது, கிட்டாருக்கு உறை இருக்கும். அப்டி ஒரு குடும்பம்.

அப்பதான் கீபோர்டு வந்துச்சு. தொண்ணூறு தாண்டின புதுசு. ஒரு பொட்டி. பட்டன அமுத்தனா பிடிலு, இன்னொன்ன அமுத்தனா புல்லாங்குழலு, அதுக்கு பக்கத்துலயே கிட்டாரு. அதுக்கு டிபன் வாங்கித் தர வேணாம், ஆட்டோக்காசு கேக்காது. வைகாசி கல்யாணம்லாம் முடிஞ்ச கையோட மொதலாளி வூட்டுக்கு வந்தாரு. “கொஞ்சம் வேலை கீது, எடுத்துனு போறேன்”னு சொல்லி கிட்டார தூக்கினாரு. உறைய மட்டும் கயட்டி அண்ணி கைல குடுத்துட்டு போய்ட்டாரு. நல்ல மனுசன். ஓவரா மரியாதை.

உறை ஆணில தொங்கிச்சு. அண்ணன் அதுக்கு கீய ஒக்காந்திச்சு. ஒக்காந்திச்சுன்னா ஒக்காந்திச்சு, அவ்ளோதான். சவரம் கெடையாது, பேச்சு கெடையாது. நான் ஜோக்கடிச்சா முன்னெல்லாம் தலைல ஒண்ணு வைக்கும். அடி வாங்காம என் மண்டைக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

ஒரு நா காலைல அண்ணி என்னிய சமையக்கட்டுக்கு கூப்ட்டுச்சு. மெதுவா, “தம்பி, ஒங்கண்ணன் வெரல பாத்தியா? தோலு உரியுது”ன்னு சொல்லிச்சு.

கிட்டாரு வாசிக்கிறவனுக்கு எடது கை வெரல் நுனில காப்பு காச்சி கெடக்கும், ஆட்டுக் கால் குளம்பு மாதிரி. கம்பிய அமுத்தி அமுத்தி வந்த காப்பு. அண்ணனுக்கு பதினஞ்சி வருசமா சேந்தது. அது இப்ப வெங்காயத் தோலு மாதிரி கயண்டு பாயில வுயுது.

“அந்தத் தோலு மொத்தமா போச்சுன்னா, ஆளே போய்டும் தம்பி. எதுனா பண்ணு”ன்னு சொல்லிச்சு அண்ணி. அழுவல. அழுதிருந்தா எதுனா ஜோக்கடிச்சி சமாளிச்சிருப்பேன்.

வடபழனிக்கு பஸ் புடிச்சி மொதலாளிய பாக்க போனேன். மனுசன் வெத்தல போட்டுகினு ஒக்காந்திருந்தாரு.

“கிட்டார வித்துட்டேன் நைனா. ஆளு சும்மா வந்து இன்னா பண்ணுவான்? சொந்த கிட்டாரோட வந்தா வரச்சொல்லு. ஐப்பசில டி.நகர்ல ஒரு ரிசப்ஷன் கீது. ஒரு எடம் போட்டுத் தரேன்.”

சொந்த கிட்டாரு! எங்க வூட்ல சொந்தம்னு சொல்லிக்கிறதுக்கு இருந்ததே ஒரு அம்மிக்கல்லுதான். பஸ்ல வரும்போது யோசிச்சேன். மரம் நமக்கு தெரியும். ரம்பம் கடைல கீது. மாடலு? மாடலு போயிடுச்சு. ஆனா உறை கீதே!

வந்ததும் உறைய ஆணிலேர்ந்து எறக்கி தரைல விரிச்சி, சாக்பீஸால சுத்தி கோடு போட்டேன். அண்ணன் ரொம்ப நாள் கயிச்சி வாயத் தொறந்துச்சு.

“டே, இன்னாடா பண்ற?”

“ஒனக்கு கிட்டாரு வெட்றேண்ணா.”

“லூசுப் பையா”ன்னு சொல்லி தலைல ஒண்ணு வச்சிச்சு. எனக்கு கண்ல தண்ணி வந்துடுச்சு. வலில இல்ல.

கோபாலபுரத்துல அப்பல்லாம் பழைய பங்களாவ இடிச்சி பிளாட்டு கட்டிகினு இருந்தாங்க. இடிச்ச எடத்துலேர்ந்து ஒரு தேக்குக் கதவு கெடச்சிச்சு. அதான் ஒடம்பு. அதே கதவோட சட்டம்தான் கழுத்து. அண்ணி உறைய கொஞ்சம் தாராளமா தச்சிருக்குதுன்றது வெட்டின அப்பறந்தான் தெரிஞ்சிச்சு. கிட்டாரு கர்ப்பமா வந்து நின்னுச்சு. கதவுல சாவி ஓட்டை ஒண்ணு இருந்துச்சா, அத அடைக்கல. ஒயரு சொருவுற எடமா அதையே வச்சிட்டோம். கம்பி அதுர்றத சத்தமா மாத்தறதுக்கு காந்தத்த சுத்தி மெல்லிசு செம்புக் கம்பி சுத்தணும். பேன் காயில் கட்ற கடைல சொல்லி சுத்தி வாங்கினேன். மிச்ச சாமான்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டு ரேடியோ கடைங்கள்ல வாங்கினது. சேப்பு பெயிண்டு சோபா கடைல மிஞ்சினது. மய காலம், காயவே மாட்டேன்னுச்சு. கொசு ரெண்டு ஒட்டிகினு செத்துச்சு. எடுத்தா பெயிண்டு பேத்துகினு வரும்னு அப்டியே வுட்டுட்டேன்.

எல்லாம் சரி, கழுத்துல குறுக்கால வர்ற கட்டைங்க? ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்ட, எதுக்கு எது எவ்ளோ தள்ளி இருக்கணும்னு உறைய பாத்தா தெரியாதே. பொடவைல பூவுதான் போட்டிருந்துச்சு.

டெய்லி வேலைக்கு போற வழில ஒரு வீணை ரிப்பேர் கடை. அங்க வீணையோட கட்டைங்க, மெட்டுன்னு சொல்வாங்க, எல்லாம் மெழுகுல ஒக்காந்திருக்கும். சூடு காட்டினா எளகும், நவுத்திக்கலாம். ஓடி வந்து அண்ணங்கிட்ட சொன்னேன்.

“மெழுகா? கிட்டாருக்கா?”

“வீணையே மெழுகுல ஒக்காருது. கிட்டாரு இன்னா, அதுக்கு மேல பெரிய மனுசனா?”

அண்ணன் சிரிச்சிச்சு. சைக்கிள் சக்கரத்து கம்பிய துண்டு துண்டா வெட்டி, அதையே கட்டையா கழுத்துல மெழுகுல பதிச்சோம். பிளானு இன்னான்னா, அண்ணன் காதால கேட்டு ஒவ்வொண்ணயும் நவுத்தி சரியான எடத்துல நிறுத்தணும். நின்னதும் நான் கோடு போட்டு, ரம்பத்துல அறுத்து, கம்பிய எறக்கி பசை போட்டு ஒட்டிடுவேன். மெழுகு சும்மா தற்காலிகம்.

பழைய டேப் ரிக்கார்டர்ல ஒயர குடுத்து மொத தபா தட்டினப்போ உர்ர்ர்னு ஒரு சத்தம். பக்கத்து வூட்டு மிக்சி. அவங்க சட்னி அரைச்சா நம்ம கிட்டாரு அழுவும். அவங்க நிறுத்தனாதான் நாங்க வாசிக்கணும்.

அப்பறம் ஆரம்பிச்சிச்சு அண்ணனோட வேலை. கரண்டிய அடுப்புல காட்டும், கட்டைக்கு பக்கத்துல வைக்கும், ஒரு முடி அளவு நவுத்தும், காத கிட்டாரு மேல வச்சி கண்ண மூடிக்கும். ஒரு கம்பிக்கு சரி பண்ணா இன்னொரு கம்பி கோச்சிக்கும். அத சமாதானம் பண்ணா மொதல்ல பண்ணது மூஞ்ச தூக்கிக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரிதான். எங்க வூட்டு தாளிக்கிற கரண்டில மெழுகு ஏறி, ரசம் சாந்தோம் சர்ச்சு மாதிரி மணந்துச்சு. அண்ணி அதையே சிரிச்சிகினு ஊத்திச்சு. அண்ணன் சவரம் பண்ண ஆரம்பிச்சிருந்துச்சே.

“ணா, ஒட்டிரலாமா?”

“இருடா, காது இன்னும் ஒத்துக்கல.”

அடுத்த வாரம் கேட்டேன். “இருடா.” ஐப்பசி பொறந்துச்சு. “இன்னும் ஒரே ஒரு கட்டதாண்டா.” பசைய வாங்கி நான் வச்சிருந்தேன், டப்பாவுலயே அது காஞ்சி கல்லாயிடுச்சு. ரிசப்ஷன் நாளும் வந்துடுச்சு. கட்டைங்க மெழுகுலயே ஒக்காந்திருந்துச்சுங்க. உறைல போட்டா கர்ப்பிணி கிட்டாரு கச்சிதமா பொருந்திச்சு. அதுல மட்டும் நான் தச்சன்தான்.

டி.நகர்ல பாண்டி பஜாருக்கு பின்னால மண்டபம். வெளில மய கொட்டுது, செருப்பெல்லாம் மெதக்குது. உள்ள ஜனம் சாப்பாட்டு பந்திக்கு முண்டிகினு கீது. அண்ணன் கோடு போட்ட சட்ட போட்டுகினு மேடைல நின்னுச்சு. மொதலாளி கிட்டார பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

மொத மூணு பாட்டு, எப்பா! எங்கண்ணன் வாசிச்சிச்சுய்யா. கதவா இருந்த மரம் பாடிச்சு. மேடைக்கு பக்கவாட்டுல நின்னுகினு, பின்னால ஒக்காந்திருந்த எவனோ பெருசு கிட்ட, “அந்த கிட்டாரு நான் செஞ்சது”ன்னேன். அவரு நவுந்து ஒக்காந்தாரு.

வீடியோக்காரன் அப்பதான் மேடைக்கு ஏறினான். அந்த காலத்து வீடியோ லைட்டு, சூரியன கம்பில கட்டி தூக்கினு வந்த மாதிரி.

“தலைவா, கிட்டாரா நண்டா இது? சூப்பரா கீது, அப்டியே காமி”ன்னு சொல்லி லைட்ட அண்ணன் கை மேலயே வச்சிட்டான். எறக்கவே இல்ல. புதுசா எதுனா பாத்தா வுடுவானா?

நாலாவது பாட்டுல ஒரு சுரம் லேசா வழுக்கிச்சு. மத்தவங்களுக்கு தெரிஞ்சிருக்காது. அண்ணன் நெத்தி சுருங்கிச்சு, எனக்கு தெரிஞ்சிச்சு. அடுத்த அடில ரெண்டு. லைட்டு சூட்டுல மெழுகு எளகி, வெரல் அமுத்த அமுத்த கட்டைங்க ஒண்ணொண்ணா நவுந்துகினு போவுது. கிட்டாரு, ராத்திரி சரக்கு வுட்டவன் பாட்டு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணோட அப்பா திரும்பி பாத்தாரு.

மொதலாளி கத்தல. மிக்சர் பொட்டில அண்ணன் கிட்டாரோட திருக மெதுவா திருப்பி சத்தத்த அணைச்சாரு. கண்ணால கீபோர்டு ஆளுக்கு ஜாடை காமிச்சாரு. பட்டன் அமுக்குற சத்தம் கூட கேக்கல. ஸ்பீக்கர்ல கிட்டாரு வந்துச்சு. சுத்தமா, ஒரு பிசிறு இல்லாம.

அண்ணன் நிறுத்தல. வாசிச்சிகினே இருந்துச்சு. கிட்ட போய் நின்னா மட்டும் டிக் டிக்குன்னு வெறும் கம்பி சத்தம் கேக்கும். அண்ணன் ஸ்பீக்கர பாக்கல, மொதலாளிய பாக்கல, என்னிய பாக்கல. மிச்ச பாட்டு அத்தினியும் அப்டியே வாசிச்சிச்சு. வீடியோக்காரன் லைட்ட எறக்கவே இல்ல.

முடிஞ்சதும் மொதலாளி அண்ணன் தோள்ல கை போட்டாரு. திட்டு வுயப்போவுதுன்னு நான் முன்னாடி போய் நின்னுகினேன். எனக்கு தலைல வாங்கி பழக்கம்.

“நல்லா வந்திச்சி மாமே. மேடை ரொம்பிச்சு. கிட்டாரு ஆளு நின்னாதான் பாக்க ஒரு கெத்து. அடுத்த முகூர்த்தத்துக்கும் வந்துடு. ஒயரு மட்டும் வேணாம், சும்மா காலுல மாட்டுது.”

அண்ணன் தலைய ஆட்டிச்சு.

மறுநா காலைல நான் புதுசா பசை வாங்கினு வந்தேன். அண்ணன் அடுப்பாண்ட ஒக்காந்து கரண்டி காய வச்சிகினு இருந்துச்சு.

“இன்னிக்கே ஒட்டிடலாம்ணா.”

“வேணாம்டா. ஒட்டிட்டா அப்பறம் நவுத்த முடியாது.”

“ஒயரே மாட்டப்போறதில்ல. சத்தம் வராத கிட்டாருக்கு எதுக்குணா நவுத்தறது?”

கரண்டிய வச்சிட்டு என்னிய பாத்துச்சு. தலைல வைக்கும்னு குனிஞ்சேன். வைக்கல. கட்டைய ஒரு முடி நவுத்தி, காத மரத்து மேல வச்சிச்சு.

அப்பறம் நாலு வருசம் அண்ணன் அந்த குழுவோட போச்சு. ஒவ்வொரு கச்சேரிக்கும் முந்தின நா ஒக்காந்து சுருதி சேக்கும். சாவி ஓட்டைல ஒண்ணும் சொருவினதில்ல. கிட்டார தூக்கினு நான் கூட போவேன். ஜனம் கை தட்டும். அண்ணனும் குனிஞ்சி கும்புடும்.

அண்ணி எந்த கச்சேரிக்கும் வந்ததில்ல. ஒரு தபா நாங்க திரும்பி வந்தப்போ சோறு போட்டுகினே அண்ணன் எடது கைய புடிச்சி வெரல் நுனிய தடவி பாத்துச்சு.

“தம்பி, பாரேன். திரும்பி கெட்டியா ஆயிடுச்சு”ன்னு சொல்லி என்னிய பாத்து சிரிச்சிச்சு. “இன்னிக்கு நல்லா வாசிச்சாரா?”

நான் அண்ணன பாத்தேன். அண்ணன் சோத்த பெசஞ்சிகினு இருந்துச்சு.

“கை தட்னாங்க அண்ணி”ன்னேன்.

அண்ணி இன்னொரு கரண்டி ரசம் ஊத்திச்சு. மெழுகு வாசனை அதுல இன்னும் இருந்துச்சு.