உடைக்காமல் போட்ட மூன்று பூச்சுகள்

கோபப்படுகிறவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால், அந்தக் கோபமும் சரியாகிவிடுமா? இந்தப் பெண்மணியோடு பழகிய யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டி வந்ததில்லை. அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சொன்ன விதத்தைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை.

வீடு வாங்க நினைப்பவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்து, கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கட்டட ஒப்பந்த அலுவலகம் ஒன்றில் வரைபடம் நகலெடுக்கச் சேர்ந்து, ஏழு ஆண்டுகளில் அங்கிருந்த எல்லோரோடும் சண்டை போட்டுவிட்டுத் தனியாக வந்தவர். கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். அதன் மரப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான சுவரின் சத்தம் ஒன்று, உள்ளே காரை விட்டுப்போன சுவரின் சத்தம் வேறு. வீட்டுத் தரகர்கள் அவருக்கு ‘டொக்டொக் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்தால் சிலர் விலையை முன்கூட்டியே குறைத்துவிடுவதும் உண்டு.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் மற்ற வீடுகளைச் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னியது. விற்பவர் பக்கத்தில் சிரித்தபடி நின்றார்.

“மூணு சுவர் பழசு, ஒண்ணு மட்டும் புதுசு. அதுக்கு மட்டும் என்ன, கல்யாணமா?”

“சும்மா, அழகா இருக்கட்டுமேன்னுதான் மேடம்.”

“அழகு பாக்குறவர் நாலையும் அடிச்சிருப்பீங்க. அலமாரிய நகத்துங்க.”

அலமாரி நகர்ந்தது. பின்னால் ஓதம் இடுப்புயரத்துக்குக் கறுத்துப் பூத்திருந்தது. அந்தக் கறுப்பின் நடுவில் ஒரு ஸ்விட்ச் பலகை.

“ஈரக் கையோட ஸ்விட்சத் தொடாதேன்னு பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்பீங்க இல்ல? சுவரே ஈரமா இருந்தா அதை யாருக்குச் சொல்லுவீங்க? சுவருக்கா?”

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூடத்துத் தரை எப்படிப் பளபளக்கிறது என்று பார்த்து வீட்டுக்கு விலை சொல்கிறோம். அடுக்களை மேடைக் கல்லைத் தடவிப் பார்த்து மகிழ்கிறோம். மாடிக்கு ஏறிப் பார்ப்பவர் நூறு பேரில் ஒருவர் இல்லை. வெயில் காலத்தில் விரிசல் வாய் பிளந்து நிற்கும். ஈரம் இல்லாத அந்த மாதங்கள்தான் அதை அடைக்கத் தோதானவை. அப்போது தூங்குகிறோம். முதல் மழையில் சொட்டும்போது ஓடிப்போய் வாளி வைக்கிறோம். மழை நின்றதும் கறையின் மேல் சாயம் அடித்துவிட்டு, வீடு சரியாகிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பொய் ஊரில் யாருக்கும் பொய்யாகவே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததை மெதுவாகச் சொல்ல மட்டும் தெரியவில்லை.

அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவர் அவருடைய தம்பி. பெற்றோர் காலத்துக்குப் பின் அவர்கள் வீட்டில் தம்பிதான் மனைவி, மகளோடு இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு ஒரு மாதம் முன்னால் போன் வரும்.

“மாடித் தண்ணி போற குழாய் வாயில கை விட்டுப் பாத்தியா?”

“முதல்ல ஹலோ சொல்லுக்கா.”

“ஹலோ. கை விட்டியா?”

“இலையெல்லாம் பெருக்கிட்டேன்.”

“பெருக்கினியான்னு கேக்கல. கை விட்டியான்னு கேட்டேன். முட்டாள், தண்ணி நின்னா கூரை என்ன ஆகும்?”

நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்பி மாடியில் வெள்ளை ஓடு பதித்தார். அதற்கு முன்பே அப்பா ஒரு சிமென்ட் பூச்சு போட்டிருந்தார். அதை உடைத்து எடுக்காமல் அதன் மேலேயே ஓடுகளை ஒட்டியாயிற்று. உடைத்தால் தூசி, சத்தம், பக்கத்து வீட்டோடு தகராறு. எந்த வீட்டிலும் நடப்பதுதான்: ஒழுகினால் மேலே ஒரு பூச்சு, மறுபடி ஒழுகினால் அதன் மேல் இன்னொன்று. கூரையின் சுமை ஏறுகிறது. தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் கெட்டுப்போகிறது. தளம் உயர உயரக் குழாய் வாய் பள்ளத்தில் புதைகிறது. ஓடு பதித்த செய்தி கேட்ட அன்று அக்கா தம்பியை அவர் மகளின் முன்னாலேயே முட்டாள் என்றார்.

பிறகு தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மனைவியும் மகளும் பள்ளி திறப்பதற்காக முன்பே போய்விட்டார்கள். மழைக்குள் வீட்டை விற்றாக வேண்டும். விற்காவிட்டால் அது பூட்டியபடி மழையில் கிடக்கும், அவரும் இரண்டு ஊருக்கும் இடையில் அலைய வேண்டும். வாங்க ஒரு தையல்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். வீடு பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். வீடு சோதிக்கிற ஒரு மேடம் இருக்கிறாராம், கறாரானவராம், அவர் தாள் கொடுத்தால் வாங்குகிறோம் என்றார்கள். அது தம்பியின் அக்கா என்று அவர்களுக்குத் தெரியாது. தம்பி அதைச் சொன்னபோது அவர்களுக்கு நம்பிக்கை கூடத்தான் செய்தது.

அக்கா வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பின்பக்க இரும்பு ஏணியில் ஏறினார். ஒரு மணி நேரம் தட்டினார். இறங்கி வந்து அடுக்களையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். தம்பி எதிரில் நின்றார்.

“உன் வீடா நெனச்சு எழுதுக்கா.”

“என் வீடா நெனச்சா இதவிட மோசமா எழுதுவேன்.”

“எல்லாரும் ஒரு பெயின்ட் அடிச்சு வித்துட்டுப் போறாங்க. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?”

“துரு ஏறின கூரைக் கம்பிக்குக் கீழ அந்தக் கடைக்காரர் பொண்டாட்டி துணி துவைக்கணும். காரை பேந்து தலையில விழுந்தா நீ அந்த ஊர்ல சௌக்கியமா இருப்ப, இல்ல?”

“உனக்கு நான் கெட்டாத்தான்கா சந்தோஷம்.”

“ஆமா. அதுக்குத்தான் வருஷா வருஷம் போன் பண்றேன்.”

தாளில் ஒன்றையும் மறைக்கவில்லை. மாடி அடுக்குகளை உடைத்தெடுக்காமல் இந்த வீட்டை வாங்காதீர்கள் என்றே எழுதியிருந்தார். கடைக்காரர் படித்துவிட்டு ஓடிப்போவார் என்று தம்பி நினைத்தார். ஆனால் கடைக்காரர் நிதானமானவர். “சரி பண்ணிக் குடுங்க. அப்புறம் மேடமே ஒரு தாள் குடுக்கட்டும். மூணு வாரம் காத்திருக்கோம்” என்றார். வானம் அதுவரை காத்திருக்குமா என்பதுதான் பாக்கி.

மறுநாளே அக்கா தன் கொத்தனாரோடும் நான்கு ஆட்களோடும் வந்து உடைக்கத் தொடங்கினார். வெள்ளை ஓடு இரண்டு நாளில் போயிற்று. அப்பாவின் பூச்சு மூன்று நாள் எடுத்தது. ஆறாம் நாள் காலை கொத்தனார் கூப்பிட்டார்.

“அக்கா, கீழ இன்னொண்ணு இருக்கு.”

அக்கா குனிந்து பார்த்தார். செங்காவி கலந்த பூச்சு. அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, அந்த அலுவலகத்தில் எல்லா மாடிக்கும் அந்தச் சிவப்புப் பொடியைத்தான் கலந்தார்கள். வீட்டு மாடி முதல் முறை ஒழுகியபோது, ‘உடைக்க வேண்டாம்பா, மேலயே போட்டுடலாம், எங்க ஆபீஸ்ல அப்படித்தான்’ என்று சொல்லி ஆள் அழைத்து வந்தவர் அவர்தான். அப்போது இருபத்திரண்டு வயது. அந்தப் பூச்சைக் கொத்தனார் ஓரமாகப் பெயர்த்தார். அடியில் குழாய் வாய் பாதி அடைபட்டிருந்தது. பூசும்போதே சாந்து வழிந்து உள்ளே இறுகியிருந்தது. பிறகு வந்த ஒவ்வோர் ஒழுகலும் இந்த இடத்திலிருந்து தொடங்கியது. பிறகு வந்த ஒவ்வொரு பூச்சும் இதை இன்னும் ஆழமாகப் புதைத்தது.

“எந்த மகராசன் போட்டானோ! வாய்க்குள்ளயே சிமென்டத் திணிச்சிருக்கான் பாருங்க.”

“மகராசன் இல்ல. நான்.”

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். “நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்கா” என்று இறங்கிப் போய்விட்டார்.

மாலையில் தம்பி வந்து மாடி ஏறினார். வெட்டுப்பட்ட ஓரத்தில் மூன்று அடுக்கும் தெரிந்தன.

“அடியில இருக்கிறது அப்பா வேலையா? அவர் எப்பவும் அப்படித்தான். யார் பேச்சையும் கேக்க மாட்டார்.”

பழியைச் செத்தவர் தலையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அக்கா ஒரு நொடிகூட அந்த வழியை நினைக்கவில்லை.

“அப்பா என் பேச்சக் கேட்டாருடா. அதுதான் இது.”

தம்பிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வெடித்தார்.

“வருஷா வருஷம் போன் பண்ணி என்னத் திட்டினியே! என் பொண்ணு முன்னால முட்டாள்னு சொன்னியே! இத்தன வருஷமா உன் குப்பையத்தான் நான் மெழுகிட்டு இருந்தேனா?”

“நீ போட்ட ஓடும் தப்புதான். என் தப்பு மேல உன் தப்ப வச்சா உன்னுது காணாமப் போயிடுமா?”

“மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா உனக்கு?”

“தள்ளி நில்லு. குழாய் வாய மறைச்சு நிக்கிற.”

இந்த இடத்தில் அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்வதும் தலை குனிவதும் வேறு வேறு. அவர் முதலாவதை மட்டும் செய்தார். தம்பி மூன்று நாள் அந்த மாடிக்கு வரவில்லை.

புதுத் தளத்தை வாட்டம் பார்த்துப் போட்டார்கள். அது நன்றாக இறுகியதும் குழாய் வாயைத் துணியும் மணலும் வைத்து அடைத்து, மாடி முழுக்க இரண்டு விரல் அளவு தண்ணீர் கட்டினார்கள். மூன்று நாள் அப்படியே விட்டார்கள். கீழே எல்லா அறைக் கூரைகளையும் அக்கா காலை, மதியம், மாலை என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் ஒரே இழுப்பில் போயிற்று.

மூன்றாவது வாரக் கடைசியில் கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தம்பி பையில் பத்திரங்களோடு நின்றார். இனி அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

“நான் குடுக்கல. வேற ஆள் பாக்கட்டும்” என்றார் அக்கா.

தம்பியின் முகம் வெளுத்தது. “பழி வாங்கறியாக்கா?” என்று பல்லைக் கடித்தபடி கேட்டார்.

“நீங்க சொன்னாலே போதும் மேடம்” என்றார் கடைக்காரர்.

“நான் போட்ட தளத்துக்கு நானே தாள் குடுக்கறதா?” என்றபடி அக்கா போனை எடுத்தார். அந்த வட்டாரத்தில் வீடு சோதிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார், தரகர்களுக்கு வேண்டியவர். ‘அந்த ஆள் சுவரத் தட்ட மாட்டார், தடவுவார்’ என்று ஊரெல்லாம் அவரைக் கேலி செய்து வந்தவர் அக்காதான். பத்து ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சு இல்லை. கூப்பிட வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். அக்கா இந்தப் பெரியவரையே கூப்பிட்டார். “வாங்க” என்று இரண்டு தரம் சொன்னார்.

பெரியவர் அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், சந்தேகத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று தம்பி கேட்டார். அக்கா தன் சுத்தியலைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய், அவர் ஏறுவதற்காக இரும்பு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.